மலை இறங்கும் ஜீப்



எங்கள் மதரசாவுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. மலையிலுள்ள ஏலத் தோட்டங்களுக்கோ ஞாயிற்றுக்கிழமை. ஆகவே போடிநாயக்கனூரில் ஞாயிறு காலை பிள்ளைகளின் ஓதல் முடிந்து நான் வீடு திரும்பும் வேளையில், தெருவுக்குத் தெரு ஒரு ஜீப் நடுவாசலில் நின்றுகொண்டிருக்கும். ஒன்றுக்குச் சக்கரம் இராது. இன்னொன்றின் முன்மூடி திறந்திருக்கும். அடியில் சாக்கு விரித்து யாரோ படுத்திருப்பார்; கால்கள் மட்டுமே தெரியும். ஆறு நாள் மலையேறிய வண்டிக்கு ஏழாம் நாள் வைத்தியம். இது எங்கள் ஊரின் பழக்கம்.

இந்தப் பக்கத்தில் வழக்கமாக வீட்டையும் பிள்ளைகளையும் பற்றி எழுதுகிறவன், இம்மாதம் ஜீப்பைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என்று சகோதரிகள் வினவலாம். என் தங்கையின் வீட்டில் கடந்த நான்கைந்து வாரங்களாக நடந்தது முழுவதும் ஒரு பழைய ஜீப்பைச் சுற்றியே நடந்தது. அதில் பதினான்கு வீட்டுப் பெண்களின் உயிர் அடங்கியிருந்தது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கிற்று.

போடியைப் பார்த்திராதவர்களுக்காகச் சில வரிகள். ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுமார் 26 கிலோமீட்டர் சென்றால் போடிமெட்டு. அதன் உயரம் ஏறக்குறைய 1,400 மீட்டர். முந்தலில் தொடங்கும் ஏற்றத்தில் 17 கொண்டை ஊசி வளைவுகள். வழியில் புலியூத்து அருவி. மெட்டைத் தாண்டினால் கேரள எல்லை, பிறகு தோண்டிமலை, பூப்பாறை, சாந்தம்பாறை என ஏலக்காட்டு ஊர்கள். ஏலக்காய் அங்கே விளைந்து, ஏலம் விடப்படுவதற்கு இங்கே இறங்கி வருகிறது. அதைப் பறிக்கும் கைகளில் பெரும்பகுதி நம் தேனி மாவட்டத்துப் பெண்களுடையவை. விடியுமுன் தூக்குச்சட்டியுடன் ஏறுகிறார்கள். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் இறங்குகிறார்கள். மதுரையிலிருந்து வரும் ரயில் 2010 டிசம்பரோடு நின்று, அகலப் பாதையாகி, 2023 ஜூன் 15 முதல் மீண்டும் போடிக்கு வருகிறது. ஆனால் ரயில் மலையேறாது. தோட்டத்துக்குள் செல்லும் கல்லும் சேறுமான தடத்தில் பேருந்தும் ஏறாது. ஏறுவது ஜீப் ஒன்றுதான். உர மூட்டை, மருந்தடிக்கும் இயந்திரம், தண்ணீர் இறைக்கும் மோட்டார், காய்ந்த ஏலக்காய்ச் சாக்கு, ஆட்கள் என எல்லாம் அதில்தான்.

என் மச்சானிடம் இருப்பது 1980களில் பதிவான மஹிந்திரா டீசல் ஜீப். ஒரு தோட்டத்தில் உழைத்து ஓய்ந்ததை விலைக்கு வாங்கினார். மகனைப் போல் வளர்த்தார் என்று சொல்வது மிகையாகாது. என் தங்கையின் சொற்படி மகனைவிட மேலாக.

இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியிறங்கும்போது மச்சான் என் கையைப் பற்றினார். "மச்சான், ஒரு விஷயம். வீட்ல சொல்லாதீங்க" என்றார்.

செவ்வாய்க்கிழமை மாலை. பதினான்கு பெண்களை ஏற்றிக்கொண்டு மெட்டிலிருந்து இறங்குகிறார். பாதி மலையில் பிரேக்கிலிருந்து கருகல் வாடை. அடுத்த வளைவுக்கு முன் மிதித்தால், பெடல் பஞ்சில் கால் வைத்ததுபோல் அடிவரை இறங்குகிறது. மீண்டும் மிதிக்கிறார், மீண்டும் அதே. எப்படியோ இரண்டாம் கியருக்கும், பிறகு சத்தத்தோடு முதல் கியருக்கும் தள்ளி, மலைப்பக்கத்து ஓடையில் இடது சக்கரங்களை இறக்கி, பாறையில் உரசி நிறுத்தினார். பின்னால் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் கேலி பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்களாம். வழியில் நிறுத்தியது எதற்கென்று அவர்களுக்குத் தெரியாது. அரைமணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால், பெடல் கெட்டியாகப் பழையபடி நிற்கிறது! வீடு வந்து சேர்ந்தார்.

"மறுநாள்?" என்று கேட்டேன்.

"பெடல் நல்லா இருந்துச்சு மச்சான். ஏத்திட்டுப் போயிட்டேன்" என்று தலைகுனிந்தார். புதனும் போனார், வியாழனும் போனார்.

வாசகர்களே, அந்த இரண்டு நாட்களைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. செவ்வாய் நடந்தது விபத்தின் விளிம்பு. புதனும் வியாழனும் நடந்தது வேறு. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு இறைவன்மேல் பாரத்தைப் போட்ட கிராமவாசிக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தந்த அறிவுரையை நம் பிள்ளைகள்கூட அறிவார்கள். மச்சானும் அறிவார், என்னைவிட நன்றாகவே அந்நிகழ்ச்சியைச் சொல்வார். நமக்குத் தெரிந்த பாடம் நம் வாசலில் நிற்கும் வண்டிவரை வந்து சேர்வதில்லை, அவ்வளவுதான்.

அந்த ஞாயிறு மேஸ்திரியை வீட்டுக்கே அழைத்து வந்தோம். அவர் ஐம்பது வயதைக் கடந்தவர். பள்ளிப் படிப்பு அதிகமில்லை. ஆனால் நான் கல்லூரியில் கலைப் பிரிவில் மூன்றாண்டு படித்தும் அறியாத பௌதிகத்தை அரைமணி நேரத்தில் விளக்கினார். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைச் சிறிது சிறிதாக உறிஞ்சும் இயல்புடையது. புதிய 'டாட் 3' ஆயில் 205 டிகிரி வெப்பம்வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிவிட்டாலோ 140 டிகிரி தாங்கினால் போதும் என்பதே அதற்குரிய அளவுகோல். அதற்கும் மேலே சூடேறினால் குழாய்க்குள்ளேயே கொதித்து ஆவிக்குமிழ் உண்டாகும். ஆயிலை அழுத்த முடியாது, ஆவியை அழுத்தலாம். நாம் மிதிக்கும் மிதி முழுவதும் அந்தக் குமிழை நசுக்குவதில் போய்விடும், சக்கரத்தைச் சென்று சேராது. ஆறியதும் குமிழ் மறைந்து பெடல் எழுந்துவிடும். "அதுதான் ஹஜ்ரத் பெரிய ஏமாத்து. கோளாறு தன்னாலே சரியாப் போச்சுன்னு டிரைவர் நெனைச்சுக்குவாரு" என்றார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆட்களோடு சேர்த்து வண்டியின் எடை இரண்டு டன் என்று வைத்துக்கொள்வோம். அது ஆயிரம் மீட்டர் உயரம் இறங்குகிறது. அந்த ஆற்றல் முழுவதும் எங்கேயாவது சூடாக மாறியாக வேண்டும். அச்சூடு 60 லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. நான்கு குடம் தண்ணீர்! கல்யாண வீட்டில் நான்கு குடம் கொதிக்க எவ்வளவு விறகு வேண்டும் என்பதைச் சகோதரிகள் அறிவார்கள். அவ்வளவு அனலும், ஓட்டுநர் கியரில் இறங்கினால் பெரும்பகுதி எஞ்சின் வழியாகக் கழிந்துவிடும். நியூட்ரலில் உருட்டினால் ஏறக்குறைய எல்லாமே நான்கு பிரேக் டிரம்களில் போய் விழும்.

"மச்சான், நீங்க நியூட்ரல்ல இறங்குறீங்களா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. மேஸ்திரி சிரித்தார். டீசல் மிச்சம் என்று எண்ணி மலையில் இப்படி உருட்டும் ஓட்டுநர்கள் பலர். உண்மையில், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கினால், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் டீசலை அறவே அடைத்துவிடுகிறது. சக்கரமே எஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரலிலோ எஞ்சின் அணையாமலிருக்க டீசல் குடித்துக்கொண்டே இருக்கும். மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் செலவு செய்கிறார்கள். எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டுவோரும் உண்டு. வேக்யூம் உதவியோடு இயங்கும் பிரேக் உள்ள வண்டிகளில், எஞ்சின் அணைந்தபின் இரண்டு மூன்று மிதிக்குமேல் அந்த உதவி கிடைக்காது, பெடல் கல்லாகிவிடும். ஏறிய கியரிலேயே இறங்கு என்பது அந்தக் காலத்து ஓட்டுநர்களின் பாடம்.

இங்கே ஒரு சிறு விலகலுக்கு வாசகர்கள் அனுமதிக்க வேண்டும். இந்த ஜீப்பின் பூர்வீகம் சுவையானது. இரண்டாம் உலகப் போருக்காக 1941 முதல் அமெரிக்காவின் வில்லிஸ் நிறுவனம் பெருவாரியாகச் செய்த வண்டி இது. நம் நாட்டில் அதைப் பூட்டி விற்ற நிறுவனத்தின் முதற்பெயர் என்ன தெரியுமா? 'மஹிந்திரா அண்ட் முஹம்மது'. 1945-ல் லூதியானாவில் மஹிந்திரா சகோதரர்கள் இருவரும், அலிகரில் பயின்ற மாலிக் குலாம் முஹம்மதும் கூடி உருக்கு வாணிபத்துக்காகத் தொடங்கியது அது. பிரிவினையின்போது குலாம் முஹம்மது பாகிஸ்தான் சென்று, அந்நாட்டின் முதல் நிதியமைச்சராகவும், 1951-ல் கவர்னர் ஜெனரலாகவும் ஆனார். 1948-ல் நிறுவனத்தின் பெயரில் இருந்த முஹம்மது போய், இன்னொரு மஹிந்திரா வந்தது. ஜீப்பும் நிறுவனமும் நிலைத்தன. மலைப் பயிர் உள்ள இடமெல்லாம் இவ்வண்டி போய்ச் சேர்ந்திருக்கிறது. தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் காப்பி மலைகளில் பழைய வில்லிஸ் ஜீப்புகள் இன்றும் மூட்டை சுமக்கின்றன. அங்கே அவற்றுக்கென்றே ஊர்வலம் நடத்தி, மூட்டையும் வாழைத்தாரும் வீட்டுச் சாமானும் மலையாக ஏற்றி, முன் சக்கரம் மேலெழும்ப ஓட்டிக் காட்டுகிறார்களாம். நம்மவர்கள் ஊர்வலம் நடத்துவதில்லை. ஏற்றுவதில் மட்டும் குறைவைப்பதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். என் தங்கையிடம் சீட்டுப் பணம் 40,000 ரூபாய் இருந்தது. அதை ஜீப்புக்குச் செலவிடுவது என்று முன்பே முடிவாகியிருந்தது. ஆனால் எதற்கு? என் மருமகன், தங்கையின் மூத்த மகன், பாலிடெக்னிக் படிக்கிறான். அவன் ஒரு பட்டியல் வைத்திருந்தான். 31 அங்குல அகல டயர்கள், முன்னால் இரும்புக் கம்பிகள், மேலே வரிசை விளக்கு. பஞ்சாப், ஹரியானா பக்கம் பழைய ஜீப்புகளைப் புதுப்பித்து அலங்கரித்து விற்கும் பட்டறைகள் பெயர் பெற்றவை. அங்கே செய்த வண்டிகளின் படங்களைக் கைப்பேசியில் காட்டினான். "மாமு, சேத்துல இந்த டயர் சும்மா பிச்சுக்கிட்டுப் போகும்" என்றான்.

பிள்ளையின் ஆசையைக் குறைகூற மாட்டேன். வண்டியைத் தேய்த்துக் கழுவுகிறவனும் அவன்தான். ஆனால் மேஸ்திரி அவனை அருகில் அழைத்து, சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் இரண்டு வட்டம் வரைந்தார். வண்டியோடு வந்த 6.00-16 டயரின் விட்டம் ஏறக்குறைய 28 அங்குலம். அவன் கேட்பது 31. பிரேக் டிரம் அதே அளவுதான். பெரிய சக்கரத்தை அதே டிரம் பிடித்து நிறுத்த வேண்டுமானால், நிறுத்தும் வலிமை பத்தில் ஒரு பங்கு குறைந்துபோகும். எஞ்சின் பிடித்து இழுக்கும் வலிமையும் அதே கணக்கில் குறையும். வேகமானி குறைத்துக் காட்டும். அதாவது, 40,000 ரூபாய் செலவழித்து நிற்காத வண்டியை இன்னும் கொஞ்சம் நிற்காததாக்கலாம்! சேற்றைப் பற்றியும் சொன்னார். அடியில் கெட்டித் தரை உள்ள சேற்றில் குறுகிய டயரே சேற்றைக் கிழித்துக்கொண்டு தரையைப் பிடிக்கும். மழைக்காலத்தில் அதன்மேல் சங்கிலி சுற்றினால் போதும். இடுக்கி மலைகளில் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். மருமகன் வாய் திறக்கவில்லை. ஆனால் சுவரிலிருந்த வட்டங்களை அவன் கைப்பேசியில் படமெடுத்ததை நான் பார்த்தேன்.

தங்கைதான் முடிவு செய்தாள். செவ்வாய்க்கிழமை நடந்ததை மச்சான் அவளிடம் மறைக்கச் சொன்னார் என்றேனல்லவா? அவளுக்கு அன்றைக்கே தெரியும். வண்டியில் வந்த பெண்களில் ஒருத்தி, சக்கரம் ஓடையில் இறங்கியதை வீடுவரை வந்து சொல்லிவிட்டாள். "அண்ணே, இவங்க மெட்டை விட்டு இறங்குற நேரத்துல தொழுகையில நின்னாக்கூட மனசு நிக்க மாட்டேங்குது. டயரெல்லாம் பெறகு பாத்துக்கலாம்" என்று சொல்லிப் பணத்தை மேஸ்திரியின் முன் வைத்தாள். நான் அதற்குமேல் பேச இடமில்லாமற் போயிற்று.

முதல் ஞாயிறு நான்கு டிரம்களும் கழன்றன. பின் இடது சக்கரத்தில் வீல் சிலிண்டர் கசிந்து லைனிங் எண்ணெயில் ஊறியிருந்தது. முன் வலதில் லைனிங் தேய்ந்து, அதைப் பிடித்திருக்கும் ரிவிட் தலை டிரம்மைக் கீறியிருந்தது. ஆக, நான்கு சக்கரமும் செய்ய வேண்டிய வேலையை இரண்டுதான் செய்துவந்தன. கருகியதும் கொதித்ததும் இதனால்தான். டிரம்களை லேத்துக்கு அனுப்பிச் சமன் செய்தோம். எவ்வளவு கடையலாம் என்பதற்கு எல்லை உண்டு. மெலிந்த டிரம் சூட்டைத் தாங்காது. ஒன்றைக் கடையாமல் புதிதாகவே வாங்க நேர்ந்தது. ரப்பர் வாஷர்களை மட்டும் மாற்றினால் போதும் என்று கடையில் சொன்னார்கள். சிலிண்டரின் உட்சுவரில் துரு அரித்த குழி இருந்தால் புது வாஷரும் ஒரு மாதத்தில் கிழியும் என்பதால் சிலிண்டர்களையே மாற்றினார் மேஸ்திரி.

பட்டறைகளில் வேலை செய்யும் பிள்ளைகளின் பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிரம்மைத் திறந்ததும் உள்ளே மாவுபோல் கறுத்த தூசு இருக்கும். உதவிக்கு வந்த சிறுவன் வாயால் ஊதப் போனான். மேஸ்திரி அவன் தோளைப் பிடித்து இழுத்தார். பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கும். அந்த இழை நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. பல ஆண்டுகள் கழித்து நோயாக வெளிப்படும். ஊதவோ, காற்று அடிக்கவோ கூடாது. தண்ணீர் தெளித்து ஈரத் துணியால் துடைத்து, துணியைக் கட்டி எறிய வேண்டும். இதைத் தம் குருநாதர் தமக்குச் சொல்லவில்லை என்றும் சொன்னார். அப்போது அவர் குரல் சற்றுக் கம்மியது; நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

இரண்டாம் ஞாயிறு மாஸ்டர் சிலிண்டர். இந்தப் பழைய வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே வழி. எங்கேனும் ஒரு குழாய் வெடித்தால் நான்கும் போயிற்று. பிற்கால வண்டிகளில் இரட்டை வழி மாஸ்டர் சிலிண்டர் வந்தது. ஒரு வழி போனாலும் மறு வழி இரண்டு சக்கரத்தையாவது பிடிக்கும். வண்டியைப் புதுமைப்படுத்துவது என்றால் முதலில் செய்ய வேண்டியது இதுவே என்பது என் துணிபு. வெளியே யார் கண்ணுக்கும் தெரியாது. படமெடுத்துக் காட்ட முடியாது. துருவேறிய இரும்புக் குழாய்களும், விரிசல் கண்ட ரப்பர் குழாய்களும் கூடவே மாறின. ஆயில் 'டாட் 4'. புதிதாக இருக்கையில் 230 டிகிரி தாங்கும், ஈரமேறியபின்னும் 155 தாங்கும். ஒவ்வோராண்டும் முழுவதையும் மாற்றிவிடுவது என்று தங்கை நாட்காட்டியில் குறித்துக்கொண்டாள்.

பிறகு குழாயிலுள்ள காற்றை வெளியேற்ற வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள பின் இடது சக்கரத்தில் தொடங்கி, அருகிலுள்ள முன் வலதில் முடிக்க வேண்டும். அதற்கு ஒருவர் வண்டியில் அமர்ந்து பெடலை மிதிக்க, ஒருவர் சக்கரத்தருகே திருகாணியைத் திறந்து மூட வேண்டும். ஆள் குறைந்ததால் என்னை ஏற்றி உட்கார வைத்தார்கள். "அமுக்குங்க ஹஜ்ரத்... புடிச்சுக்கங்க... விடாதீங்க... இப்ப விடுங்க." பிள்ளைகளுக்கு எழுத்தின் மீது நிறுத்தும் இடமும் நீட்டும் இடமும் கற்பிக்கிறவன், அன்று நிறுத்தவும் விடவும் கற்றுக்கொண்டேன். ஒருமுறை அவர் சொல்லுமுன் விட்டுவிட்டேன், மறுபடி காற்றை இழுத்துக்கொண்டது, முதலிலிருந்து தொடங்கினோம். லுஹர் பாங்கு சொல்லும் நேரத்தில்தான் கால் அரை மிதியில் கல்போல நின்றது. இறைவனுக்கே புகழனைத்தும்.

மூன்றாம் ஞாயிறு எனக்குப் பெரிய பாடம். பழைய ஜீப்பில் கை பிரேக் சக்கரங்களைப் பிடிப்பதில்லை என்பது எனக்குத் தெரியாது. டிரான்ஸ்பர் கேஸின் பின்னால், புரொப்பல்லர் தண்டு தொடங்குமிடத்தில் சிறிய டிரம் ஒன்று இருக்கிறது, அதைத்தான் பிடிக்கிறது. கால் பிரேக் முழுவதும் போனாலும் இது தனியாக நிற்கும் என்பது நன்மை. ஆனால் அந்தத் தண்டின் மூட்டுக் கிராஸ் முறிந்தால் கை பிரேக்கும் கூடவே போய்விடும். எங்கள் வண்டியில் பின் கிராஸ் கிரீஸ் காணாமல் காய்ந்து, ஊசிகள் பொடிப்பொடியாகிச் செம்பொடியாக உதிர்ந்தன. கிரீஸ் அடிக்கும் வாய் சேற்றால் அடைபட்டிருந்தது. ஆக, செவ்வாய்க்கிழமை மாலை மச்சான் கை பிரேக்கைச் சுண்டி இழுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மேஸ்திரி சொல்லவில்லை. அந்தச் செம்பொடியை மச்சானின் உள்ளங்கையில் கொட்டினார்.

எஞ்சினை மாற்றலாம், பவர் ஸ்டியரிங் வைக்கலாம், உடலை நீட்டலாம் என்று வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். சட்டம் தெரியாமல் கை வைக்க வேண்டாம் என்பேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரம் தயாரிப்பாளர் தந்ததற்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கொன்றில் அதை உறுதிப்படுத்தியது. எதை மாற்றுவதானாலும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்னரே கேட்டறிந்து செய்வதே நலம்.

சட்டம் என்றதும் சொல்லாமல் விடக்கூடாத ஒன்று இருக்கிறது. பதினான்கு பேர். பதிவுப் புத்தகத்தில் எழுதியுள்ள எண்ணிக்கை அதைவிட மிகக் குறைவு. வாடகை தலைக்கு இவ்வளவு என்பதால் தலைகள் கூடுகின்றன. தோட்டத்துக் கங்காணிக்கு ஆள் வேண்டும், பெண்களுக்குக் கூலி வேண்டும், ஓட்டுநருக்கு டீசல் காசு வேண்டும். யாரும் எண்ணுவதில்லை. 2023 ஆகஸ்ட் 25 அன்று வயநாட்டில் மானந்தவாடி அருகே கண்ணோத்துமலையில், தேயிலைத் தோட்டத்து வேலை முடிந்து திரும்பிய பெண்களை ஏற்றிய ஜீப் பள்ளத்தில் விழுந்து ஒன்பது பெண்கள் மாண்டார்கள். அவர்களும் மாலையில் வீட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தவர்களே. பிரேக்கை எவ்வளவு செப்பனிட்டாலும் அது இத்தனை எடைக்கென்று செய்யப்பட்டது. கூடுதலாக ஏறும் ஒவ்வொருவரும் அந்த நான்கு குடத்தோடு இன்னும் கொஞ்சம் நீரைச் சேர்க்கிறார்கள்.

ஏறி அமர்கிறவள் தன் உயிரை நம்மிடம் அமானிதமாகத் தருகிறாள் என்று மச்சானிடம் சொன்னேன். அவர் ஒப்புக்கொண்டார். ஆனால், "நாலு பேரைக் குறைச்சா நாலு பேரு கூலி போகுது மச்சான், என் கூலி இல்ல, அவங்க கூலி" என்றார். அதற்கு என்னிடம் விடை இல்லை. கடைசியில் பத்துப் பேர் என்று குறைத்தார். புத்தகக் கணக்குக்கு அது இன்னும் அதிகமே. நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். இறங்கிய நால்வரும் மறுநாளே அடுத்த தெரு ஜீப்பில் ஏறிக்கொண்டார்கள். அந்த ஜீப்பின் டிரம்மைத் திறந்து எத்தனை ஆண்டாயிற்றோ!

வேலை முடிந்த மறுநாள் திங்கள் மாலை நான் தங்கை வீட்டில் இருந்தேன். வழக்கத்தைவிடக் கால்மணி நேரம் தாமதமாக ஜீப் வந்தது. தங்கை வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தாள். வண்டியிலிருந்து இறங்கிய மூதாட்டி ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ஏந்தம்பி, இன்னைக்கு வண்டி ஒரே உறுமலா இருந்துச்சு, ஆமையாட்டம் ஓட்டுற. எஞ்சின் கெட்டுப் போச்சா?" என்று மச்சானைக் கடிந்துகொண்டார். கியரில் இறங்கினால் உறுமத்தான் செய்யும். மச்சான் சிரித்துக்கொண்டே அவர் தூக்குச்சட்டியை எடுத்துக் கொடுத்தார்.

முன் சக்கரத்தின் கிங்பின் ஆட்டம் இன்னும் பாக்கி. மெல்லிய தகடுகளை வைத்துச் சரிசெய்ய வேண்டுமாம். இன்ஷா அல்லாஹ், வரும் ஞாயிறு. சென்ற ஞாயிறு நாங்கள் ஸ்பிரிங் பட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அடுத்த தெரு ஜீப் ஓட்டுநர் வந்து வண்டியை ஓரமாக நிறுத்தினார். தேநீர் குடித்தார். இரட்டை வழிச் சிலிண்டரைக் குனிந்து பார்த்தார். "என் வண்டியில அதெல்லாம் தேவையில்ல, பெடல் கும்முனு நிக்குது" என்று சொல்லிக் கிளம்பினார். அவர் வண்டியைத் திருப்பும்போது என் மருமகன் தரையில் கையூன்றிக் குனிந்து எதையோ பார்த்தான். எழுந்து வந்து என் காதருகே, "மாமு, பின் சக்கரம் உள்பக்கம் ஈரமா இருக்கு" என்றான்.

மேஸ்திரி அதைக் கேட்டுவிட்டார். கையிலிருந்த ஸ்பானரோடு அந்த வண்டியின் பின்னாலேயே போனார்.